கடைசி இரண்டு வரி

சிரிக்கிற சனங்களை எனக்குப் பிடிக்கும், ஐயா. அதனால்தான் நான் எழுதிய நாடகத்தில் பாட்டும் கேலியும் தூக்கலாக இருக்கும். ஏரியை மனை போட்டு விற்றவனுக்கு ஊரே மாலை போடுகிறது. ஏமாந்தவர்கள் கடைசியில் அவனைத் தூக்கில் போடுகிறார்கள். அவன் தொங்கும்போது ஆர்மோனியத்தில் உட்கார்ந்து நான் பாடுவேன். அதன் கடைசி இரண்டு வரிக்காகத்தான் நாடகமே:

வித்தவன் கழுத்துக்குக் கயிறு வந்தாச்சு,
வேடிக்கை பாத்தவன் கழுத்துக்கு எப்போ?

அதை ஒரு ஊரிலும் யாரும் கேட்கவில்லை. மனைக்காரனாக நடித்த இருதயராஜ் தொங்கியபடி தாளத்துக்குக் காலை ஆட்டிக் கண்ணடிப்பான். விசில் பறக்கும். எத்தனையோ தடவை சொன்னேன்.

"விடுண்ணே. தொங்கிக்கினே சிரிக்க வெக்கிறேன். சனங்க சிரிச்சாதானே அடுத்த ஊருல கூப்புடுவாங்க?"

திண்டிவனத்தில் தலைமை தாங்கியவரே மனை விற்கிறவர். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மேடையேறி அவனுக்குச் சால்வை போர்த்தி, "அசல் என்னையே பாத்த மாதிரி இருந்துச்சுப்பா" என்று மைக்கில் சொன்னார். அதற்கும் கைதட்டினார்கள். நான் ஆர்மோனியத்தை மூடி வைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை நடக்கும் இயேசுவின் பாடுகள் நாடகமான பாஸ்காவில், அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்கில் தொங்கும் யூதாசும் இருதயராஜ்தான். அதே கயிறு. பாரத்தைத் தாங்குவது அவன் முதுகு வாரில் நான் மாட்டிவிடும் கொக்கி. கழுத்துக் கயிறு பெயருக்குத்தான். அங்கே ஒருவரும் சிரிப்பதில்லை. பெண்கள் சிலுவை போட்டுக்கொள்வார்கள். என் நாடகம் மட்டும் என்ன பாவம் செய்தது?

முகையூரில் என் நாடகத்துக்கு மேடையேறுமுன் கேட்டான், "கொக்கி மாட்டிட்டியாண்ணே?"

"மாட்டிட்டேன்டா, போ."

வழக்கம்போலக் காலை உதைத்தான். "ஒன்ஸ்மோர்" என்று கத்தினார்கள். முன்வரிசையில் அவன் மனைவி அமலா மட்டும் சிரிக்காமல் எழுந்து நின்றாள். ஒருத்திக்காவது நாடகம் புரிந்ததே என்று நிம்மதியாக இருந்தது. பிறகு அவள் அலறத் தொடங்கினாள். நான் ஆர்மோனியத்தை நிறுத்தவில்லை. பாட்டு முடிய இன்னும் இரண்டு வரி இருந்தது.

மறந்துவிட்டேனா என்கிறீர்கள். இல்லை, ஐயா. மாட்டவில்லை. அவன்மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது, நல்ல பையன்.

அன்றைக்குப் பார்த்தவர்களை எல்லாம் விசாரிக்கிறீர்களாமே. அந்தக் கடைசி இரண்டு வரி யார் காதிலாவது விழுந்ததா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.