கை நழுவவில்லை

பெயரும் விலாசமும் புகார் மனுவில் உள்ளபடியே சரி. எனக்கு வயது முப்பத்தாறு. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் மிஷின் மெக்கானிக்காக வேலை செய்கிறேன். புகார்தாரர் என் கணவரின் தம்பி. சிறுவர் மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி கொடுக்கிறார். என் பத்து வயது மகளுக்கும் அவர்தான் பயிற்சியாளர்.

மகள் ஓட்டுவது மண் தடத்தில் ஓட்டும் சிறிய டூ ஸ்ட்ரோக் பைக். அதற்கு கியர், கிளட்ச் கிடையாது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் போகும். பாதிக்கு மேல் முறுக்க முடியாமல் தடுப்பதற்குக் கைப்பிடி அருகில் ஒரு திருகு உண்டு. அதை அளவாக முடுக்கி வைத்தது நான். யாராவது கைவைத்தால் தெரியட்டும் என்று, தொழிற்சாலையில் செய்வதுபோலவே, திருகின் தலைமேல் சிவப்பு நகப்பூச்சு தடவியிருந்தேன். அந்தத் திருகு இருக்கும் தைரியத்தில், மேடு வந்தால் முழுதாக முறுக்கும்படி என் மகளைப் பழக்கியவர் கொழுந்தன். இதை அவரால் மறுக்க முடியாது.

சம்பவத்தன்று பந்தயத்தின் முதல் மேட்டிலேயே பைக் அவளைத் தூக்கி எறிந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. அதன் பிறகு மருத்துவமனை வராந்தாவில் கொழுந்தன், வந்து விசாரித்த பெற்றோர்களிடமெல்லாம், "பயந்துட்டா, கை நழுவிடுச்சு. பொம்பளப் பிள்ளதானே" என்று வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மாவுக்கட்டுப் போட்ட பிறகு மகள் என்னிடம், "எப்பவும் போலத்தாம்மா முறுக்கினேன். சித்தப்பா சொல்றாரே, என் கை நழுவிடுச்சாம்மா?" என்று கேட்டாள். அவள் அழவில்லை. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்களை யாருடைய விரல்களோ போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் மைதானத்துக் கொட்டகைக்குப் போய்ப் பைக்கைப் பார்த்தேன். நகப்பூச்சு உடைந்திருந்தது, திருகு முக்கால்வாசி வெளியே வந்திருந்தது. அங்கிருந்தே கொழுந்தனுக்குப் போன் செய்து கேட்டேன். "நல்லதுக்குத்தான் அண்ணி செஞ்சேன். மத்த பிள்ளைங்கல்லாம் முந்திட்டுப் போகுது. சொன்னா பயப்படுவான்னு அவகிட்ட சொல்லல" என்றார். மருத்துவமனைக்கு வந்தவர்களிடமெல்லாம் இந்த உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டதற்கு, "குடும்ப விஷயத்த எதுக்கு அண்ணி வெளிய பேசணும்?" என்று போனை வைத்துவிட்டார். பச்சைப்பிள்ளைமேல் போட்ட பழி மட்டும் ஊர் முழுக்கப் போகலாம், அவர் செய்த காரியம் குடும்ப விஷயமாம்.

அதன் பிறகு பைக்கை வேனில் ஏற்றி அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அத்துமீறி நுழைந்தேன் என்று புகாரில் இருக்கிறது. கதவு திறந்துதான் கிடந்தது. கூடத்தில் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே பைக்கை உதைத்துக் கிளப்பினேன். கூடமெல்லாம் புகை மண்டியது. "இந்தத் திருகக் கழட்டினது யாரு தம்பி? உங்க வாயாலயே சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் அவர்களைப் பார்த்து, "அண்ணிக்கு மனசு சரியில்ல, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அதன் பிறகு நான் ஆக்ஸிலரேட்டரை முழுதாக முறுக்கிக் கையை விட்டேன். பைக் பாய்ந்துபோய் அவருடைய பரிசுக் கோப்பைகள் இருந்த கண்ணாடி அலமாரியை உடைத்தது. அலமாரிப் பக்கம் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டுதான் விட்டேன். யாருக்கும் காயமில்லை.

இதை எழுதும் உதவி ஆய்வாளர், பைக் கை நழுவிப் போய்விட்டது என்று எழுதினால் வழக்கு லேசாகிவிடும் என்று எனக்காக இரக்கப்பட்டுச் சொன்னார். அவர் நல்லவர்தான். ஆனால் அப்படி எழுதக் கூடாது. நான் தெரிந்தேதான் விட்டேன். அதற்கு என்ன தண்டனையோ கொடுங்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் கை நழுவவில்லை.

மேலே உள்ளது முழுவதும் என் வாயால் சொன்னது, உண்மை. எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. 'நழுவி' என்று எழுதியிருந்த இடத்தை என் கண்ணெதிரே அடித்த பிறகே கையொப்பமிட்டேன்.