பெர்னிஸ் வாங்காத வான்கோழி

"நாப்பத்தோரு டாலராம்! நவம்பர் மாசம் முழுக்க இந்தக் கடையில நான் செலவழிச்சது வெறும் நாப்பத்தோரு டாலராம்! அந்தப் பொண்ணு மெஷினப் பாத்துட்டு வாய் கூசாமச் சொல்லுது. முந்நூறு டாலருக்கு வாங்கியிருந்தாத்தான் வான்கோழி சும்மா குடுப்பாங்களாம். ஏம்மா, நீயே சொல்லு... இந்த மாசம் இங்கேருந்து நான் ஏத்திட்டுப் போன சாமான என் கார் டயரக் கேட்டாச் சொல்லும்!"

பெர்னிஸ் பின்னால் திரும்பித்தான் இதைச் சொன்னாள். ஹெட்ரிக் கடையில் குறை கேட்கும் மேசைக்கு முன்னால் அவள் நின்றிருந்தாள். மேலாளரைக் கூப்பிடப் போன பெண் இன்னும் திரும்பவில்லை. பின்னால் நிறைந்த தள்ளுவண்டியோடு ஓர் இளம்பெண் மாட்டிக்கொண்டிருந்தாள். பெர்னிஸுக்கு அறுபத்தெட்டு வயது. பல்பு ஆலையில் இருபத்திரண்டு வருடம் தொழிற்சங்கத்துக்காகப் பேசிய வாய். ஆலையை மூடினார்கள். வாயை மூட எவனாலும் முடியவில்லை.

"கூப்பனக் கழிச்சிட்டுக் கணக்குப் பாக்குறாங்கம்மா, அதான் சூழ்ச்சி. கழிக்காமப் பாத்தா நானூத்திச் சொச்சம்! இந்தா, இந்தக் கோப்பப் பிரிச்சுப் பாரு. ஞாயித்துக்கெழம பேப்பர் அஞ்சு வாங்குறேன். மெல்வின்... என் வீட்டுக்காரரு, காலையிலயே கத்திரியும் கையுமா உக்காந்துருவாரு. கோட்டத் தாண்டி வெட்டுவாரு, அத ஒட்டவைக்கிறதே எனக்குத் தனி வேல. இது சோப்பு, இது டப்பா மீனு, இது நாய்த்தீனி. நாயா? நாய் ஏது? செத்து ஆறு வருஷமாச்சு. கூப்பன் வருதுல்ல, விட முடியுமா? தீனிய எதுத்த வீட்டு நாய்க்குக் குடுத்துட்டு அவங்க பேப்பர் கூப்பன நான் வாங்கிக்குவேன்."

இளம்பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பெர்னிஸ் அந்தக் கடிகாரத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டாள்.

"கூப்பன் மட்டும் போதாது, கேட்டுக்கோ. ஒரு வாரச் சாப்பாட்ட எழுதி ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டிரணும். திங்கக்கெழம பீன்ஸ் சூப்பு. செவ்வாய் நூடுல்ஸும் டப்பா மீனும். புதன் மீந்த பீன்ஸு. வியாழன் மீந்த மீனு. வெள்ளிக்கெழம ரெண்டையும் கலந்து, மேல சீஸத் தூவி, அடுப்புக்குள்ள தள்ளி, புதுசா ஒரு பேரு வச்சிருவேன். போன மார்ச்சுல கடுகு சாஸ் புட்டி ஒரு டாலரு. கூப்பன் அம்பது சென்ட்டு, புதன்கெழம அதுவே ரெட்டிப்பு. அப்ப என்ன வெல? சைபர்! தொண்ணூத்தாறு புட்டி அள்ளிட்டேன்... ஏப்ரல் முழுக்க வீட்டுல எல்லாம் மஞ்சத்தான். மெல்வின் பொட்டியக் கட்டிட்டாரு. அவரு தங்கச்சி ஆர்லீன் வீட்டுக்குப் போயி ஒம்போது நாள் இருந்துட்டு வந்தாரு. வந்த அன்னிக்கு ஆசையா பன்னிக்கறி சுட்டேன். மேல எதத் தடவுனேன்னு நெனைக்கிற?

"சிரிக்காத! உன் வண்டியப் பாத்தா எனக்கு அழுகதான் வருது. இந்த சீஸு... முழு வெலையா? காப்பித்தூளுமா? ஒரு கூப்பன் கூடவா இல்ல? அடக் கடவுளே! உன்ன மாதிரி ஆளுங்க இருக்குற வரைக்கும் மொதலாளி மாளிகைக்கு மேல மாளிகைதான் கட்டுவான். ஊருக்குப் புதுசா? ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்குற வேலயா... பெத்தவங்க அரிசோனாவுலயா? ரொம்பத் தூரமாச்சே. அப்ப வியாழக்கெழம நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்குத் தனியாத்தான் ஒக்காரப் போறியா? சரி, அது கெடக்கட்டும்.

"என் பாட்டக் கேளு. அந்த வியாழக்கெழம என் வீட்டு மேசையில எங்களையும் சேத்துப் பதினோரு பேரு. ஆர்லீனும் வர்றா. இருவத்தாறு வருஷமா வான்கோழிக்குன்னு நான் ஒரு சென்ட்டு குடுத்ததில்ல. தட்ட மேசையில வைக்கும்போது எல்லாரும் கண்ண மூடி ஜெபம் பண்ணுவாங்க. ஆமென்னு முடிச்சதும் நான் வெலையச் சொல்லுவேன். சைபர்! அந்த நேரத்துல ஆர்லீன் மூஞ்சியப் பாக்கணுமே... அதுக்காகவே வருஷம் பூரா பீன்ஸு திங்கலாம். இந்த வருஷம் அவ என்ன கேப்பா? 'எவ்வளவு அண்ணி?'ன்னு இழுத்து இழுத்துக் கேப்பா.

"என்ன? அந்த ஐஸ்பெட்டியில பத்தொம்பது டாலருக்குக் கெடக்குதா? தெரியும்மா, எனக்குக் கண்ணு இருக்கு. வாங்கிட்டுப் போகச் சொல்றியா? பதினோரு வாரம் வேலநிறுத்தம் பண்ணோம், முழங்கால் பனியில நின்னோம், கேட்டதுலேருந்து ஒரு சென்ட்டு எறங்கல. தோத்துட்டோம், அது வேற விஷயம். ஆனா எறங்கல!

"யாரு இந்த விதியப் போட்டான்னா கேக்குற? அது... அத விடு. பெரிய கத. சரி, யார்கிட்டயும் சொல்லாத. போன வருஷம் வரைக்கும் கூப்பனக் கழிக்காமத்தான் கணக்கு. ஆர்லீனுக்கு இந்த வித்தையச் சொல்லிக் குடுத்ததே நாந்தான். சங்கத்துல பாடம் எடுக்குற மாதிரி ஒக்கார வச்சு சொல்லிக் குடுத்தேன். என்ன பண்ணா தெரியுமா? அவ பேர்ல ஒரு கடைக் கணக்கு அட்ட, அவ புருஷன் பேர்ல ஒரு அட்ட. ரெண்டு வான்கோழி! என் மேசைக்கே வந்து, என் வான்கோழியத் தின்னுக்கிட்டே, 'எனக்கு ரெண்டு சைபர் அண்ணி'ன்னா. மனசு கேக்குமா? மறுநாளே மனு எழுதிட்டேன். 'கூப்பனைக் கழித்தபின் கையிலிருந்து கொடுத்த ரொக்கத்தை மட்டுமே கணக்கில் கொள்ள வேண்டும்.' நாப்பத்திரண்டு பேருகிட்ட கையெழுத்து வாங்குனேன். மூணு நாளு வாசல்ல நின்னேன்.

"மேலாளரு படிச்சாரு. உடனே ஒத்துக்கிட்டாரு. கை வேற குடுத்தாரு! என் வாழ்நாள்ல நிர்வாகம் சண்டயில்லாம ஏத்துக்கிட்ட ஒரே கோரிக்க அதுதாம்மா... எனக்கு அப்பவே சந்தேகம் வந்திருக்க வேணாம்? அவளுக்கு மட்டும்னுதான் நெனச்சு எழுதுனேன். எழுதும்போது அவ பேரப் போட மறந்துட்டேன்."

மேலாளர் வந்துகொண்டிருந்தார். முகத்தில் புன்னகை, கையில் ஒரு தாள். இவ்வளவு தூரத்திலிருந்தே பெர்னிஸ் தன் கையெழுத்தைக் கண்டுகொண்டாள்.

"வரட்டும், வரட்டும். ஒரு மனுவால போட்டத இன்னொரு மனுவால எடுத்துட்டாப் போச்சு. பேனா இருக்காம்மா? மொதக் கையெழுத்து நீ போடு..."

திரும்பினாள். பின்னால் ஆளில்லை, வண்டியும் இல்லை. மூன்றாவது கல்லாவில் அந்தப் பெண் ஒரு கூப்பன்கூட இல்லாமல், கேட்ட விலையைக் கேட்டபடி கொடுத்துவிட்டு நின்றிருந்தாள். கல்லாக்காரன் மணியை அடித்தான். இந்த மாதத்தில் அவள் முந்நூறைத் தாண்டிவிட்டாளாம். பனியில் உறைந்த இருபது பவுண்டு வான்கோழியை அவள் கைகளில் வைத்தான். அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கக் கொடுத்ததுபோல அவள் அதை ஏந்திக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் வாசலைப் பார்த்தாள்.

பெர்னிஸ் கோப்பைப் படாரென்று மூடினாள். நீட்டிய தாளோடு மேலாளரை அப்படியே நிற்கவிட்டு ஓடினாள்.

"ஏம்மா! எக்ஸ்ரே பொண்ணு! நில்லும்மா! தனியா ஒக்காந்து அத்தன பெரிசத் திம்பியா? வியாழக்கெழம ரெண்டு மணிக்கு என் வீட்டுக்கு வந்துரு, பன்னெண்டாவது தட்டு வைக்கிறேன். வரும்போது கோழியத் தூக்கிட்டு வா... இல்ல, இல்ல, இன்னிக்கே குடுத்துரு, ஐஸு உருகவே மூணு நாளாகும். கடுகு சாஸ் நான் போட்டுக்கறேன்!"