பக்கத்து சீட்டுக்கும் ஒரு பிரேக் உண்டு

ஒரே ஒரு ஊர்ல ஒரே ஒரு அப்பன் இருந்தானாம். அவனுக்கு ஒரே ஒரு பொண்ணாம். அந்தப் பொண்ணு பதினொன்னாம் வகுப்புக்குள்ள காலெடுத்து வைக்கிற வரைக்கும் அந்த வீட்ல எல்லாரும் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்தாங்களாம். அதுக்கப்புறம்... க்ளச், க்ளச், க்ளச்சு மேடம்! பொசுக்குனு விட்டா வண்டி இருமும். ஆங்... மெதுவா... பூ மேல கால் வைக்கிற மாதிரி. இப்போ கிளம்புங்க. கதை என் வேலை, ரோடு உங்க வேலை.

அந்த அப்பன் யாருன்னு கேக்க மாட்டீங்களா? சரி, நானே சொல்லிடறேன். நான்தான்.

இன்னிக்குக் காலையில நடந்ததக் கேளுங்க. சட்டைய இஸ்திரி போட்டு, ஷூவைத் தொடச்சு, தலை வாரி, மாப்பிள்ளை கணக்கா வாசல்ல நிக்கிறேன். அம்மாவும் பொண்ணும் வெளிய வர்றாங்க. என்னைப் பாத்ததும் ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்துக்கறாங்க. "நீங்க வரலப்பா." வரலையா? காலேஜைச் சுத்திக் காட்டுற நாளு, பெத்தவங்களும் வரலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க, நான் பெத்தவன் இல்லையா? "அம்மா வர்றாங்கப்பா, போதும்." போதுமாம்! சாப்பாடு போடறப்ப கையக் காட்டுவோம் பாருங்க, அந்த மாதிரி கையக் காட்டிட்டுப் போறா!

இடது பக்கம் திரும்புங்க. இண்டிகேட்டர்... அது வைப்பர் மேடம். மழை வரட்டும், அப்ப போட்டுக்கலாம். ஆங், அதான்.

என்னது, மைதானமா? ரிவர்ஸ் பார்க்கிங் இன்னிக்கு வேண்டாம் மேடம். இன்னிக்கு வேற பாடம். முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடி இடைவெளி விட்டுப் போறது எப்படின்னு... ரொம்ப முக்கியமான பாடம். உதாரணத்துக்கு, அதோ ஒரு மஞ்சள் ஸ்கூட்டர் போகுது பாருங்க, ரெண்டு லேடீஸ். சும்மா ஒரு உதாரணத்துக்குத்தான். அதை விட்டுடாதீங்க.

எங்க விட்டேன்? ஆங், போதும்னா. சின்னதுல இவளுக்கு வீட்ல என்ன பேரு தெரியுமா? சில்வண்டு. வாய் மூடாது மேடம். குளிக்கிறப்பவும் கதவுக்கு உள்ளருந்து பேசுவா, நான் வெளிய நின்னு "ம்" கொட்டணும். கொட்டலேன்னா சோப்பு நுரையோட கதவைத் திறப்பா. அப்படி இருந்த புள்ள இப்ப என்ன பேசுறா? "ம்." "பாக்கலாம்." "தெரியல." இந்த மூணும்தான். என்ன படிக்கப் போறேம்மா? தெரியல. எந்த ஊர்ல? பாக்கலாம். அப்பா ஏதாச்சும் பண்ணட்டுமா? அதுக்கு மட்டும் முழு வாக்கியமா பதில் வரும். "நீங்க ஒன்னும் பண்ணாம இருந்தாலே பெரிய உதவிப்பா."

நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க... அப்புறம் சொல்லுங்க, முதல்ல கியரை மாத்துங்க. மூணாவது கியர்ல போய்க்கிட்டு இருக்கறப்ப பேச்செல்லாம் கூடாது. நான் பேசலாம், நான் ஓட்டலையே.

ஸ்கூல்ல ஒரு வழிகாட்டி டீச்சர் இருக்காங்க. காலேஜுக்கு எப்படித் தயாராகணும்னு சொல்றதுக்குன்னே தனியா ஒரு டீச்சர். வருஷ ஆரம்பத்துல பெத்தவங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வச்சு என்ன சொன்னாங்க தெரியுமா? "இனிமே ஸ்டியரிங் பிள்ளைங்க கையில. நீங்க எல்லாரும் பக்கத்து சீட்டுக்கு மாறிடுங்க." அவ்வளவுதான், ஹால்ல அத்தனை பேர் மூஞ்சியும் தொங்கிப் போச்சு. எனக்கு மட்டும் மூஞ்சி மலர்ந்துச்சு பாருங்க! இருவது வருஷமா நான் எங்க உக்காந்திருக்கேன்? பக்கத்து சீட்லதானே! தொழிலே அதுதானே! எழுந்து நின்னு கையத் தட்டினேன். பொண்ணு என் சட்டையப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சா.

டீச்சர் சொன்னத அப்படியே ஒரு எழுத்து மாறாம செஞ்சேன் மேடம். பக்கத்து சீட்லதான் உக்காந்தேன். ஆனா பாருங்க... பக்கத்து சீட்டுன்னா உங்களுக்கு என்ன? சும்மா ஒரு சீட்டு. எனக்குப் பக்கத்து சீட்டுன்னா காலடியில ஒரு பிரேக் இருக்கணும், ஒரு க்ளச் இருக்கணும். இல்லேன்னா அதுல உக்காந்து என்ன பிரயோஜனம்? பராக்கு பாக்கவா?

மேடம் லாரி! லாரி! ...நான் அழுத்திட்டேன், நான் அழுத்திட்டேன். பயப்படாதீங்க. ரொம்ப தூரத்துலதான் இருந்துச்சு... ஆமா, நிக்கிற லாரிதான். இருந்தாலும்.

பத்தாவது படிக்கிறப்ப ஒரு நாள் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு, "நட்சத்திரத்தப் பத்திப் படிக்கலாம் போல இருக்குப்பா"ன்னா. போல இருக்குன்னுதான் சொன்னா. மறுநாளே மூணு புஸ்தகம் வாங்கிட்டு வந்தேன். என் மச்சான் ஒருத்தர் இருக்காரு, தெரியாதவங்களே கிடையாது அவருக்கு. அவர் மூலமா ஒரு விஞ்ஞானியப் பிடிச்சு, போன்ல பேச வச்சேன். அவரும் பாவம், குளிர் காலத்துல எங்கயோ மலை மேல நின்னுக்கிட்டுப் பேசினாரு. பள்ளிக்கூடத்துல நட்சத்திரக் குழு ஒன்னு தொடங்குங்கன்னு ஹெட்மாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டேன். அந்த வாரக் கடைசியில வந்து, "எனக்கு நட்சத்திரம் வேண்டாம்பா"ங்கறா. ஏம்மா? "நான் ஒன்னு சொன்னா, நீங்க ஏறி உக்காந்து அத ஓட்டிக்கிட்டுப் போயிடறீங்க. நான் ரோட்ல நிக்கிறேன்." பாத்தீங்களா பேச்ச? நல்லதுக்குக் காலமே இல்ல மேடம்.

இப்போ ஸ்கூட்டர் வேகமா போகுதா? நீங்களும் கொஞ்சம்... அந்த ஸ்கூட்டரை ஓட்டறவ என் சம்சாரம். ஆமா மேடம், ஆமா. பின்னாடி உக்காந்திருக்கறது சில்வண்டு. அதனால என்ன? ரோடு பொதுவானது. ஓட்டக் கத்துக்கறதுக்கு எந்த ரோடா இருந்தா என்ன? நீங்க அப்படிப் பாக்காதீங்க, முன்னாடி பாருங்க.

சம்சாரம் பிரசவ வார்டுல நர்ஸு. நாள் முழுக்க "மூச்ச விடு, மூச்ச விடு"ன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து எனக்கும் அதையேதான் சொல்றா. "அவளே சொல்லுவா, நீங்க மூச்ச விடுங்க." எப்ப சொல்லுவா? காலேஜ் முடிச்சுட்டு வந்து சொல்லுவாளா?

இதுல இன்னொரு கூத்து. கொஞ்ச நாளா ஸ்கூல் விட்டா நேரா வீட்டுக்கு வர்றதில்ல. கேட்டா லைப்ரரிங்கறா. லைப்ரரிக்குப் போற புள்ளையோட பையில டானிக் வாசனை எப்படி மேடம் அடிக்கும்? எங்க வீட்ல ஏற்கெனவே ஒரு ஆஸ்பத்திரி வாசனை இருக்கு, அது எனக்குப் பழக்கம். இது வேற. இது... உங்க மருந்துக்கடைக்குள்ள வந்தா ஒரு வாசனை வரும் பாருங்க, அந்த மாதிரி. பின்னாடியே போய்ப் பாத்திருப்பேன், அந்த நேரத்துல எனக்கு க்ளாஸ் இருக்கு.

என்ன மேடம்? உங்களுக்கு என்ன தெரியும்? ...இருங்க இருங்க, சிக்னல்! நிறுத்துங்க. அய்யய்யோ, அவங்களுக்கு நேர் பின்னாடியே நிறுத்திட்டீங்களே! நான் கொஞ்சம் குனிஞ்சுக்கறேன். ஷூ லேஸு... கட்டணும். ஷூவுல லேஸ் இல்லையா? அதெல்லாம் நீங்க ஏன் பாக்கறீங்க?

வண்டி மேல போர்டு இருக்குன்னா? தெரியும் மேடம். என் மூஞ்சி படம் போட்ட டிரைவிங் ஸ்கூல் போர்டுதான். கிளம்பறப்பவே ரெயின்கோட்டப் போட்டு மூடிட்டுத்தான் வந்தேன். ...பறந்து போச்சா? எப்போ? பாலத்துலயா? அத அப்பவே சொல்ல வேண்டாமா! ...நீங்க சொல்ல வந்தீங்க, நான்தான் கியரை மாத்தச் சொன்னேனா. சரி.

திரும்பிப் பாக்கறாளா? கண்ணாடியிலயா? சிரிக்கிறாளா, முறைக்கிறாளா? ரெண்டும் இல்லைன்னா அது அவங்க அம்மா.

இருந்தாலும் ஒன்னு சொல்றேன் மேடம், இந்தக் கோலத்துல உக்காந்துக்கிட்டு சொல்றதுக்கு எனக்கே ஒரு மாதிரியாத்தான் இருக்கு. எனக்கு ஒன்னே ஒன்னுதான் தெரியணும். இன்னும் கொஞ்ச நாள்ல அவ போயிடுவா. பெட்டி கட்டிக்கிட்டு. எங்க போறா, என்னத்துக்குப் போறா, அத அவ வாயால எனக்கு முதல்ல சொல்லணும். மத்தவங்களுக்கு அப்புறம். எதையும் முதல்ல என்கிட்டதான் சொல்லுவா மேடம். பல்லு விழுந்தா அத உள்ளங்கையில வச்சுக்கிட்டு நான் க்ளாஸ் எடுக்கற வண்டிக்கே ஓடி வருவா.

போன தடவை வேற ஒரு காலேஜுக்கு மூணு பேருமாத்தான் போனோம். தங்கமான பேராசிரியர். "உனக்கு என்னம்மா பிடிக்கும்?"னு அவளக் கேட்டாரு. இவ மேல பாக்கறா, கீழ பாக்கறா, யோசிக்கிறா. எவ்வளவு நேரம்தான் மேடம் ஒரு மனுஷன் சும்மா நிப்பான்? கால் தானா அழுத்திருச்சு. நானே சொல்லிட்டேன். அவளுக்குக் கணக்கு பிடிக்கும் சார், நட்சத்திரம் பிடிக்கும் சார், கையெழுத்து முத்து முத்தா இருக்கும் சார்னு. ஹாஸ்டல்ல சுடுதண்ணி வருமா, மெத்தை முதுகுக்கு நல்லதா, எல்லாம் கேட்டேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "நீங்க எப்ப சார் சேர்றீங்க?"ங்கறாரு. ஹாலே சிரிச்சுச்சு. நானும்தான் சிரிச்சேன். திரும்பிப் பாத்தா இவ சிரிக்கல.

அதுலருந்துதான் இந்த "போதும்ப்பா."

பச்சை விழுந்துச்சா? பாத்து... மேடம், இங்கருந்து ஏத்தம். மலை மேலதான் அந்தக் காலேஜ். ஹேண்ட் பிரேக்க... எனக்கு இங்கருந்து உங்க முட்டிதான் தெரியுது. பின்னாடி பஸ் வேற நிக்கிறானா? சரி, கவலப்படாதீங்க, தேவைன்னா நான் கையாலயே பிரேக்க அழுத்தறேன். க்ளச்ச பாதி... ஆக்ஸிலேட்டர்... அட.

அட! ஏறிடுச்சே! நான் தொடவே இல்லையே மேடம்! இந்த மாதிரி மேட்டுல எத்தனை தடவை ஆஃப் பண்ணியிருக்கீங்க! நான் குனிஞ்சு கிடக்கற நேரமாப் பாத்து... ம். என் பயிற்சி அப்படி.

கேட்டு வந்துருச்சா? நான் எழுந்துக்கறேன், கழுத்து பிடிச்சுக்கிச்சு. அந்த மரத்தடியில, ரெண்டு வண்டிக்கு நடுவுல... ரிவர்ஸ் எடுத்து... நான் வேணா... வேண்டாமா? சரி, கைய வச்சுக்கிட்டு இருக்கேன். காலையும்தான்.

...சுத்தமா போட்டுட்டீங்களே மேடம்.

ஐயோ, இங்கதான் வர்றா. நேரா வண்டிக்கே வர்றா. மேடம், நீங்க சொல்லுங்க, புது ரூட்டு, டெஸ்ட்டுக்கு ஏத்த மேடு, தற்செயலா... கண்ணாடிய இறக்குறீங்களா? எதுக்கு மேடம்?

வாம்மா! என்ன ஒரு ஆச்சரியம்! நாங்க இப்படியே ரோட்டோரமா... என்னது? ஆன்ட்டியா? "ஹாய் ஆன்ட்டி"யா? ஏய், உனக்கு இவங்கள எப்படித் தெரியும்?

...தினமுமா? ஸ்கூல் விட்டதும்? இவங்க கடைக்கா?

மேடம், என்ன மேடம் இது! இவ்வளவு தூரம் வாயே திறக்காம வந்தீங்களே! ...திறந்தீங்களா? எப்போ? ...ஆமா. கியர். சிக்னல். லாரி. ஆமா.

சரி, நீ சொல்லு. ஒன்னும் கேக்க மாட்டேன். வாயே திறக்கல. காலையும் தூக்கி சீட்டு மேல வச்சுக்கறேன், பாத்துக்க. சொல்லு.

...

மருந்து... மருந்தியல் படிக்கணுமா? மருந்து ஒன்னோட ஒன்னு சேர்ந்தா உடம்புக்குள்ள என்ன ஆகும்னா? இவங்ககிட்ட தினமும் அதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தியா? சரி. சரிம்மா. என் மச்சானுக்குத் தெரிஞ்ச ஒரு மருந்துக் கம்பெனி... இல்ல! இல்ல, நான் ஒன்னும் சொல்லல! மூச்ச விட்டேன், அவ்வளவுதான்! உங்கம்மாவே பாக்கறா பாரு அங்கருந்து, மூச்சுதான் விட்டேன்!

ஆன்ட்டியா? ஆன்ட்டியும் உள்ள வர்றாங்களா? பேராசிரியர்கிட்ட என்ன கேக்கணும்னு அவங்களுக்குத் தெரியுமா? எனக்கும்தான் தெரியும்... சரி. தெரியாது. மேடம், க்ளாஸ் இன்னும் முடியல மேடம். கொடுத்த நேரத்துல பாதி இன்னும் பாக்கி... இறங்கிட்டீங்களா?

நான் இங்கயே இருக்கேன். ஒன்னும் அவசரமில்ல. மெத்தைய மட்டும் ஒரு தடவை அழுத்திப் பாத்துடுங்கம்மா... கேக்கலையா? போறாங்க. மூணு பேரும் எப்படிப் பேசிக்கிட்டுப் போறாங்க! சில்வண்டு வாய் மூடாம பேசுது பாரு... கையெல்லாம் ஆட்டி ஆட்டி...

மேடம்! ஹேண்ட் பிரேக் போட்டீங்களா?

...போட்டுத்தான் இருக்காங்க.

மேடம்! சாவி! வண்டிச் சாவி உங்க கையில இருக்கு மேடம்!