பன்னிரண்டாம் தறி

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலைப் பேருந்து. முன் இருக்கையில் பேண்டேஜ் துணி மில்லில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள். சின்னவள் சூப்பர்வைசர், பெரியவர் தறி ஓட்டுபவர்.

"அக்கா, நேத்து ஒங்க பேரை எடுத்துட்டுப் பாத்தேன்," என்றாள் சின்னவள்.

"ஏட்டி, எதுல இருந்து?"

"போன்லக்கா. ஆபீஸ்காரங்க அனுப்புற ரிப்போர்ட்ல ஆள் பேரு மட்டுந்தான் இருக்கும். வேஸ்ட் துணி அம்புட்டும் ஒங்க பேருல நின்னுச்சு. இப்ப புது சாப்ட்வேர்ல நம்மளே மாத்திப் பாக்கலாம். பேரை எடுத்துட்டுத் தறி நம்பரைப் போட்டேன். நீங்க லீவு போட்ட நாள்லயும் ஒங்க பன்னெண்டாம் தறியிலதான் வேஸ்ட்டு."

"இதைத்தான மூணு மாசமா கத்துறேன்! போன் சொன்னாத்தான் நம்புவீகளோ?"

சின்னவள் சிரித்தாள். "முதலாளிக்கு அனுப்பிட்டேன். தறியைச் சரிபாக்க நாளைக்கு ஃபிட்டர் வாராரு. இன்னைக்கு ஒங்களுக்கு வேற தறி."

"அப்ப என்னைய வேலைய விட்டு நிப்பாட்ட மாட்டாகளே?"

"மாட்டாகக்கா."

பெரியவர் கேட்டார்:

"இன்னைக்கு அந்தத் தறியில யாரு?"

"புதுசா சேந்த சோழபுரத்துப் பொண்ணு."

"அவ பேரையும் எடுத்துட்டே பாருட்டி."