எல்லா இடுப்புக்கும் ஒரே பெல்ட்

வலது தோள்பட்டை வலிக்கிறது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும். எட்டு வருஷமாகப் பழகிப்போன வலி. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது, சட்டை போட இடது கை உதவிக்கு வர வேண்டும். இந்த நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திக்கொள்ளலாம் என்றால் சாய்ந்துகொண்டே சொல்வேன். நீங்களும் நிதானமாக எழுதுங்கள், ஐயா. எனக்கு இன்று வேலை இல்லை.

முதலில் அந்த அறிக்கை. நான் இந்த ஸ்டேஷனுக்கு வந்ததே அதற்காகத்தான். எங்கள் பட்டறையில் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், அந்த அமுக்கு மெஷினில், நடந்ததைப் பார்க்க வந்த அதிகாரி, ‘பழைய வயர், தளர்ந்த இணைப்பு’ என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். அது தவறு. அந்தப் பட்டறையில் இருபத்தாறு வருஷமாக பிரஸ்களைப் பழுது பார்ப்பவன் நான். நான் முடுக்கிய திருகு எதுவும் தானாகத் தளர்ந்தது கிடையாது.

எங்கள் பட்டறையில் ஸ்டட் வைத்த பெல்ட் செய்கிறோம். தோல் வாரின்மேல் கூம்புகூம்பாக உலோகக் குமிழ்கள் வரிசையாக இருக்குமே, அது. முன்பு இரண்டு மேஜைகள் இருந்தன. பெரிய மேஜையில் ஆண்கள் பெல்ட். மூன்று விரல் அகலம், தடித்த தோல், ஐந்து ஓட்டை. சின்ன மேஜையில் பெண்கள் பெல்ட். ஒன்றரை விரல் அகலம், மெல்லிய தோல், பொடி ஸ்டட், ஏழு ஓட்டை. பெரிய மேஜையில் ஆண்கள் வேலை செய்தார்கள், சின்ன மேஜையில் பெண்கள். யாரும் சட்டம் போடவில்லை. அப்படி இருந்தது, இருந்தவரை சண்டை இல்லை. பெரிய மேஜைக்கு நான் தலைவன்.

சின்ன மேஜைக்கு என் மனைவியின் தங்கை. அவளைக் கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். கட்டியவன் விட்டுவிட்டுப் போனதிலிருந்து எங்கள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறாள். வலது கை, இடது கை, இரண்டாலும் ஒரே வேகத்தில் ஸ்டட் அடுக்குவாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு ரெட்டைக்கை என்று பெயர் விழுந்தது. ஆரம்பத்தில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

இந்தத் தோளுக்கு வருகிறேன். எட்டு வருஷத்துக்கு முன்னால், வார் வெட்டும் உருளையில் என் சட்டைக்கை சிக்கியது. முழங்கைவரை உள்ளே இழுத்துவிட்டது. ஆண்கள் அத்தனை பேரும் ஓடிவந்து என்னைப் பிடித்து இழுத்தார்கள். தோள் கழன்றது அந்த இழுப்பில்தான். இவள் ஒருத்தி மட்டும் என் பக்கமே வரவில்லை. நேராகச் சுவருக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினாள். ஐந்து எண்ணும் நேரம். கை தப்பியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னாள்: “மாமா, இந்தக் கை இனிமே என்னோடது. உங்ககிட்ட சும்மா விட்டு வச்சிருக்கேன், பத்திரமா பாத்துக்கோங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஒரு வேடிக்கைப் பேச்சு என்றால் ஒரு வாரம் ஓடலாம், ஒரு மாதம் ஓடலாம். இது எட்டு வருஷம் ஓடியது. பட்டறையில் யாரையாவது திட்டக் கையை நீட்டினால், பசை பூசுகிறவர் தலையைத் தூக்காமலே, “அண்ணே, அது உங்க கை இல்லையே. சொந்தக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு நீட்டுங்க” என்பார். வீட்டில் கதவை ஓங்கிச் சாத்தினால், “மெதுவா, தங்கச்சி கை” என்பாள் என் மனைவி. நான் யாருக்கும் பாக்கி வைக்கிறவன் இல்லை, ஐயா. எங்கள் தெருமுனைக் கடையில் கேட்டுப்பாருங்கள். அப்படிப்பட்டவன் தினமும் காலையில் தோள்வலியோடு எழுந்து, அடுத்தவளுடைய கையால் முகம் கழுவ வேண்டியிருந்தது.

போன வருஷம் முதலாளி படுத்த படுக்கையாகிவிட்டார். அவர் மகள் பொறுப்புக்கு வந்தாள். வந்த இரண்டாவது வாரம் ஒரு பெல்ட்டைக் கொண்டுவந்து இரு மேஜைக்கும் நடுவில் போட்டாள். இரண்டரை விரல் அகலம். மேலே ஒரு வரிசை ஸ்டட், கீழே ஒரு வரிசை, நடுவில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓட்டை. எந்த ஓட்டையிலும் மாட்டலாம். அளவு நம்பர் கிடையாது.

“இது ஆம்பளைக்கா, பொம்பளைக்காம்மா?” என்று கேட்டேன்.

“இடுப்பு இருக்கிறவங்களுக்கு” என்றாள்.

“அப்ப எனக்கு இல்ல. எனக்கு வயிறு மட்டும்தான் இருக்கு” என்றார் பசைக்காரர். மேஜை மேஜையாகச் சிரிப்பு.

அன்று மத்தியானமே இரு மேஜையையும் இழுத்து ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கால்கள் சமமாக இல்லை. பெரிய மேஜையின் காலை அறுத்துச் சின்னதன் உயரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அறுத்தது நான். ஒரே மேஜை என்றால் ஒரே தலைவன். நானா, ரெட்டைக்கையா என்று ஒரு மாதத்தில் சொல்வதாக முதலாளி மகள் சொன்னாள்.

பதவிக்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் எனக்கு மேலே வந்திருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஸ்டட் கோணலாக விழுந்ததால் ஒதுக்கிப்போட்ட பெல்ட் ஒன்றை ஒருநாள் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “மாமா, இது உங்களுக்கு. கோணல் முதுகுப் பக்கம் போயிடும், யாருக்கும் தெரியாது.” பட்டறையில் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் போட்டேன். எனக்குப் பதினோராவது ஓட்டை. தோலுக்கு ஒரு குணம் உண்டு. எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அங்கே மடிப்பு விழும், மறைக்க முடியாது. ஒருநாள் காலை பெல்ட்டை எடுத்தபோது ஏழாவது ஓட்டையிலும் மடிப்பு இருந்தது.

மனைவியைக் கேட்டேன்.

“நான்தாங்க. கடைக்குப் போறப்ப போட்டுப் பார்த்தேன். நல்லா கச்சிதமா இருந்துச்சு. ஏன், தேஞ்சா போச்சு?”

“இது என் பெல்ட்.”

“உங்களுக்கும் சரியா இருக்கு, எனக்கும் சரியா இருக்கு. அதுக்குத்தானே அப்படிச் செய்றீங்க?”

பின்னறையிலிருந்து தலைவாரிக்கொண்டே எட்டிப்பார்த்தாள் அவள். “என்ன மாமா, கையைத்தானே எனக்கு எழுதி வச்சீங்க. இடுப்பை அக்காவுக்கு எழுதி வச்சிடுங்களேன்.”

இரண்டு பேரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நான் பெல்ட்டைப் பதினோராவது ஓட்டையில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பேன், சாப்பிட்டிருப்பேன், அதோடு போயிருக்கும்.

இப்போது பிரஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு அமுக்கில் எட்டு ஸ்டட் அடிக்கும், நான்கு நான்காக இரண்டு வரிசை. ஸ்டட்டின் கால்கள் தோலைத் துளைத்து அடியில் மடிந்துகொள்ளும். கை சிக்காமல் இருக்க இரண்டு பட்டன். வலது கைக்கு ஒன்று, இடது கைக்கு ஒன்று. இரண்டையும் அமுக்கினால்தான் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் உள்ளே கை இருக்க வழி இல்லை அல்லவா. சிலர் வேகத்துக்காக ஒரு பட்டனை டேப் ஒட்டி அடைத்துவிடுவார்கள். பிடித்தால் நான் விட மாட்டேன். அந்த விஷயத்தில் எனக்குக் கெட்ட பெயரே உண்டு.

அவள் டேப் ஒட்டுகிறவள் இல்லை. ஆனால் ஒரு பழக்கம் இருந்தது. வலது உள்ளங்கையை முன்கூட்டியே பட்டனில் அமுக்கி வைத்துக்கொள்வாள். இடது கை உள்ளே பெல்ட்டை நேராக்கும். நேராக்கிய கை வெளியே வந்து இடது பட்டனைத் தொட்டதும் பிரஸ் இறங்கும். ஒவ்வொரு அமுக்குக்கும் அரை விநாடி மிச்சம். அதில்தான் அவள் எல்லோரையும் முந்தினாள்.

“கையை எடு. ரெண்டையும் ஒண்ணா அமுக்கு” என்று பல தடவை சொல்லியிருக்கிறேன்.

“ரெண்டும் சேர்ந்தாதானே மாமா இறங்கும்? நீங்க போட்ட வயரிங்தானே, அதுமேல நம்பிக்கை இல்லையா உங்களுக்கு?”

அவள் சொன்னது சரி. ஒன்பது நாள் பார்த்தேன். ஒரு தடவைகூட அந்தப் பழக்கம் மாறவில்லை.

காலையில் ஒவ்வொருவரும் பிரஸ்ஸை வெறுமனே ஒருமுறை இறக்கிச் சோதித்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு யாரும் சோதிப்பதில்லை. ஆகவே பத்தாவது நாள் தேநீர் நேரத்தில் மூன்றாம் நம்பரின் அடிப்பெட்டியைத் திறந்தேன். விரல் நீள வயர் ஒன்று. இடது பட்டனின் இரண்டு முனைகளையும் அதனால் சேர்த்தேன். இனி இடது பட்டன் எப்போதும் அமுங்கியிருப்பதாகவே பிரஸ் நினைத்துக்கொள்ளும். நான்கு நிமிட வேலை.

பசைக்காரர் மட்டும் உள்ளே இருந்தார். “டீ குடிக்கலையாண்ணே?”

“பட்டன் ஒட்டுது. பாத்துட்டு வரேன்.”

“ரெட்டைக்கை மேல என்ன அக்கறை உங்களுக்கு.”

“வீட்டு ஆளாச்சே” என்றேன்.

அவள் உட்கார்ந்தாள், ஸ்டட்களை அச்சில் அடுக்கினாள், பெல்ட்டை உள்ளே வைத்தாள். இடது கை பெல்ட்டைத் தடவி நேராக்கியது. வலது உள்ளங்கை பட்டனுக்குப் போனது.

எட்டும் இடது கையில் இறங்கின. நான்கு நான்காக இரண்டு வரிசை, இடைவெளி சரியாக இருந்தது. வலது கை பட்டன்மேல் விறைத்துப்போய்விட்டது, எடுக்க வரவில்லை. அதனால் பிரஸ்ஸும் இறங்கியபடியே நின்றது. மற்றவர்கள் ஓடிவந்து அவளைப் பிடித்து இழுத்தார்கள். அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள்.

“மாமா, மெயின்” என்றாள்.

நான் சுவிட்சுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். என் கை சிக்கிய அன்று அவளுக்கு ஐந்து எண்ணும் நேரம் ஆனது. நானும் ஐந்து எண்ணிவிட்டு இறக்கினேன். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனபோது வயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். திருகைத் திரும்ப முடுக்க இரண்டு சுற்று மிச்சம். அதற்குள் காலைப் பிடிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டுவிட்டார்கள். அந்த அதிகாரி பார்த்த தளர்ந்த இணைப்பு அதுதான். அது தானாகத் தளரவில்லை.

மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவள் என்னிடம் சொன்னது: “தப்பு என்னோடதுதான் மாமா. எத்தனை தடவை சொன்னீங்க.” என் மனைவி என் வலது கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். யாருடைய கை என்று அன்று யாரும் சொல்லவில்லை.

மூன்று மாதம் நான் அந்த மேஜைக்குத் தலைவனாக இருந்தேன். பிறகு அவள் திரும்பி வந்தாள். பிரஸ்ஸில் இனி உட்கார முடியாது. முதலாளி மகள் யோசிக்கவே இல்லை. “மேஜையைப் பாத்துக்க ரெண்டு கை எதுக்கு, ரெண்டு கண்ணு போதும்” என்று அவளைத் தலைவியாக்கிவிட்டாள். ஆள்களும் ஒத்துக்கொண்டார்கள். இன்னும் ரெட்டைக்கை என்றுதான் கூப்பிடுகிறார்கள், வாய் பழகிவிட்டது.

காலையில் அவளுக்கு பெல்ட் மாட்டிவிடுவது என் மனைவி. பக்கிள் போட இரண்டு கை வேண்டும். சில நாள் அதைப் பார்த்துக்கொண்டு அமைதியாகச் சாப்பிட்டேன். அந்த அமைதியும் நிலைக்கவில்லை. போன வாரம் அவள் பக்கிளையே மாற்றிவிட்டாள். முனையில் ஒரு கொக்கி. ஒரு கையால் இழுத்து எந்த ஓட்டையிலும் மாட்டிவிடலாம். முதலாளி மகளுக்குப் பிடித்துப்போய், இனி எல்லா பெல்ட்டுக்கும் அதே கொக்கி என்று சொல்லிவிட்டாள். கொக்கி அடிக்கிற வேலை எனக்கு.

முதல் பெல்ட் முடிந்ததும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா, நீங்க போட்டுப் பாருங்க. தோள் வலிக்கிற நாள்ல இடது கையாலயே போட்டுக்கலாம். உங்களையும் நெனச்சுத்தான் செஞ்சேன்.”

போட்டேன். இடது கையால். பதினோராவது ஓட்டையில் சுலபமாக விழுந்தது. மேஜை முழுக்கக் கைதட்டினார்கள். அன்று மாலைதான் இங்கே வருவது என்று முடிவு செய்தேன். அவள் தன் கவனக்குறைவு என்கிறாள், அந்த அதிகாரி பழைய வயர் என்கிறார். இரண்டும் இல்லை. அது செய்த வேலை, செய்தவன் நான். அவளுக்கும் அது தெரிய வேண்டும்.

வேறு ஒன்றும் இல்லை, ஐயா. கையெழுத்து போடும்போது கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், காலையில் விரல் மெதுவாகத்தான் மடங்கும். மூன்றாம் நம்பர் இறங்கிய அன்றோடு அவளுக்கும் எனக்கும் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்திருந்தேன். நேராகவில்லை. அவள் காப்பாற்றிக் கொடுத்தது ஒன்று, நான் எடுத்தது ஒன்று. அவளுக்கு நான் இன்னும் தர வேண்டியது இரண்டு கை.