மாப்பிள்ளையின் சாட்சியம்

நான் இதுவரை ஒரு வீடியோ கேம்கூட விளையாடியதில்லை, ஐயா. கட்டைவிரல் ஒத்துழைக்காது. கேம் தயாரிக்கும் பெரிய நிறுவனம் ஒன்றில் சட்டப் பிரிவுத் தலைவர், அவ்வளவுதான்.

கேம் செய்பவர்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. உருவம் நடப்பதையும் வெளிச்சம் விழுவதையும் பார்த்துக்கொள்ள என்ஜின் என்றொரு மென்பொருள் உண்டு. சிறு கம்பெனிகளில் பாதி ஒரே என்ஜினை நம்பித்தான் பிழைத்தன. அதைச் செய்த கம்பெனியை வாங்கிவிடலாம் என்று யோசனை சொன்னது நான். போட்டியாளர்களை ஒவ்வொருவராகத் துரத்துவதைவிட, அவர்கள் நிற்கிற தரையை வாங்கிவிடுவது சிக்கனம்.

இப்படி வாங்க உங்கள் போட்டி ஆணையத்தின் அனுமதி வேண்டும்; அது லேசில் விடவில்லை. சிறு தயாரிப்பாளர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டது. அவர்கள் சங்கத் தலைவர் என் தங்கையின் கணவர். அவர் எதிர்த்திருந்தால் அனுமதி கிடைத்திருக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை சாப்பாடு பரிமாறினாள்.

"எங்க பொழப்பே அதுலதான் இருக்கு மச்சான். வாங்கினப்புறம் நிறுத்திட மாட்டீங்களே?" என்றார்.

"யார் வேணா பயன்படுத்தலாம்னு எழுதியே தர்றோம் மாப்பிள்ளை. அந்த வாசகத்தை எழுதினதே நான்தான்."

இரண்டும் உண்மை. ஆணையத்தின் முன் அவர் எங்களுக்காகப் பேசினார், அனுமதி வந்தது.

வாக்கை நாங்கள் மீறவில்லை. என்ஜினை இன்றும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். புதுப்பித்துத் தருவோம் என்று எங்கும் எழுதவில்லை. கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை விற்கவில்லை என்றானே, அந்தக் கதைதான். புதிய ஃபோன்கள் வந்தன. அவற்றில் அது ஓடவில்லை. எங்கள் கேம்களுக்கு மட்டும் தனியாக ஒரு பதிப்பு வைத்துக்கொண்டோம். சிறு கம்பெனிகள் வரிசையாகப் படுத்தன, மாப்பிள்ளையுடையதும் சேர்த்து. சங்கத்துக்காரர்கள் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றார்கள். ஒருவர் கடைத்தெருவில் அவர் முகத்திலேயே துப்பினாராம்.

"தெரிஞ்சேதான் செஞ்சியா அண்ணா?" என்று தங்கை கேட்டாள்.

"சட்டப்படி தப்பு ஒண்ணும் இல்லம்மா" என்றேன்.

தெரிந்தேதான் செய்தேன், ஐயா. அந்த வாசகத்தில் 'புதுப்பித்தல்' என்ற சொல் முதலில் இருந்தது. அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகும் முன்பே அதை அடித்து நீக்கியவன் நான்.

ஆனால் குடும்பத்தை நடுத்தெருவில் விடுகிற ஆள் இல்லை நான். மாப்பிள்ளைக்கு எங்கள் அலுவலகத்திலேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். என்ஜின் எப்போது சரியாகும் என்று கேட்டு வரும் புகார்களுக்கு அவர்தான் பதில் எழுதுகிறார். என்னை இப்போது 'சார்' என்றுதான் கூப்பிடுகிறார். அலுவலகத்தில் உறவு கொண்டாடக் கூடாது என்று தெரிந்த மனிதர்.