நிழல் தொந்தரவு

டெல்ஃபீனா: ...சரி, இந்தத் தடவை எதை எடுக்கணும், ஆர்வில் சார்?

ஆர்வில்: இந்த உசரமான சகுவாரோ கள்ளியைத்தான்.

டெல்ஃபீனா: இதையா! உங்க முற்றத்துல மிச்சம் இருக்கறதே இது ஒண்ணுதானே!

ஆர்வில்: அதான்... தனியா நிக்குது, பாவம்.

டெல்ஃபீனா: பாலைவனச் செடி எடுக்கற அனுமதி மனுவுல காரணம்னு என்ன எழுதிக்கறது?

ஆர்வில்: நிழல் தொந்தரவு.

டெல்ஃபீனா: என்ன தொந்தரவு?

ஆர்வில்: நிழல். ஜன்னல்ல விழுது. தாங்க முடியல.

டெல்ஃபீனா: டூசான்ல... ஜூன் மாச வெயில்ல... அரிசோனாவுலயே நிழலைத் திட்டின முதல் ஆள் நீங்கதான்.

ஆர்வில்: எதுலயாவது முதல்ல வரணுமே. பள்ளிக்கூடத்துலதான் வர முடியல.

டெல்ஃபீனா: போன மாசம் பாலோ வெர்டே மரம் பூ கொட்டுதுன்னீங்க. அதுக்கு முன்னாடி பீப்பாய்க் கள்ளி...

ஆர்வில்: குத்துச்சு.

டெல்ஃபீனா: கள்ளி குத்தாம கொஞ்சுமா?

ஆர்வில்: பக்கத்து வீட்டுக்காரன் என் முற்றத்தைப் பார்த்துட்டு, "இப்பதான் உன் வழுக்கை மண்டைக்குப் பொருத்தமா இருக்கு"ங்கறான். ஆபீசரம்மா, எலுமிச்சை ஜூஸ் குடிக்கறீங்களா? இந்தத் தடவை சர்க்கரைதான் போட்டிருக்கேன். நக்கிப் பார்த்துட்டேன்.

டெல்ஃபீனா: போன தடவை உப்பு.

ஆர்வில்: நீங்க முழுசா குடிச்சீங்களே!

டெல்ஃபீனா: அது... தாகம். விஷயத்துக்கு வாங்க. தெற்குப் பக்கத்துல சாக்பீஸால ஒரு கோடு போடுங்க.

ஆர்வில்: எதுக்கு?

டெல்ஃபீனா: தோண்டி எடுத்து நடற புது இடத்துலயும் அந்தப் பக்கமே தெற்கைப் பார்க்கணும். திருப்பி நட்டா வெயில்ல வெந்துடும்.

ஆர்வில்: சரியா நட்டா பிழைச்சுடுமா?

டெல்ஃபீனா: இவ்வளவு உசரமானதா? சந்தேகம்தான். கை மாதிரி கிளை முளைக்கவே எழுபது வருஷம் ஆகும் இதுக்கு. மேல பொந்துல மரங்கொத்திக் குஞ்சு கத்துது, கேக்குதா?

ஆர்வில்: ம்...

டெல்ஃபீனா: கையெழுத்து போடுங்க.

ஆர்வில்: பேனா எழுத மாட்டேங்குது.

டெல்ஃபீனா: மூடியைக் கழட்டுங்க.

ஆர்வில்: இந்தாங்க, பேனாவை நீங்களே வெச்சுக்குங்க.

டெல்ஃபீனா: என்ன?

ஆர்வில்: வேணாம். இது என்னைவிட மூத்தது. என் கிறுக்குத்தனத்துக்கு இது சாகக் கூடாது.

டெல்ஃபீனா: என்ன கிறுக்குத்தனம்?

ஆர்வில்: பூவும் தொந்தரவு இல்ல, நிழலும் தொந்தரவு இல்ல... பீப்பாய்க் கள்ளி மட்டும் நிஜமாவே குத்துச்சு. அதை எடுக்க அனுமதி கேட்கத்தான் உங்க ஆபீசுக்கு வந்தேன். "நான் நேர்ல வந்து பார்த்தாத்தான் அனுமதி"ன்னீங்க. வந்தீங்க. சிரிச்சீங்க. போயிட்டீங்க.

டெல்ஃபீனா: அதனால?

ஆர்வில்: அதனால அடுத்தது, அதுக்கடுத்தது... நீங்க வரணும்னு முற்றத்தையே மொட்டை அடிச்சுட்டேன். ஏழு கழுதை வயசாச்சு, "காபி குடிக்க வரீங்களா"ன்னு கேட்க நாக்கு எழும்பல. மரம் வெட்ட எழும்புது! இனிமே உங்களைக் கூப்பிடச் சாக்கும் இல்ல. சிரிச்சுடுங்க, பரவாயில்ல. சிரிக்கலையா? கோபமா? உங்க விதியை வெச்சு விளையாடிட்டேன்னு...

டெல்ஃபீனா: சொந்த மனையில இருக்கறதை எடுக்க முன்கூட்டியே ஒரு தபால் போட்டா போதும். அனுமதிச் சீட்டும் தபால்லயே வந்துடும். நேர்ல வந்து பார்க்கணும்னு எந்த விதியும் கிடையாது... ஆர்வில்.